உதவித்தொகை நின்றுவிட்டது, ஐடிஐயில் சேரலாமா? வழி சொல்லுங்கள்

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது, பன்னிரண்டாம் வகுப்பு படித்திருக்கிறேன். பள்ளி முடித்த கையோடு எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வருகிறேன். போன வருடம்தான் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டேன். மாதம் 400 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,200 ஆக வங்கிக்கு வரும். நாலு தவணை ஒழுங்காக வந்தது, ஐந்தாவது வரவில்லை.

இரண்டு மாதமாக சாயங்காலம் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் பழகப் போகிறேன். அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அரசு ஐடிஐயில் கோபா என்று ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பு இருக்கிறதாம், அதில் சேர ஆசை. ஆனால் வீட்டில், "வருகிற 400 ரூபாயும் போய்விடும், இந்த வயதில் எதற்கு?" என்கிறார்கள். கணவருக்கு மில்லில் தினக்கூலி வேலை, பையன் மூன்றாம் வகுப்பு. அந்த 1,200 எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைப்பாறு:
ஐடிஐயில் சேருங்கள், ஆனால் ஆபீசில் சொல்லாதீர்கள் சகோதரி. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இரண்டும் வரும்.

பழைய கோப்பு:
வைப்பாறு தம்பி, அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் சிரமப்படப் போவது அந்த அம்மாதான். அரசு அலுவலகங்களில் முப்பது வருடம் கோப்பு தூக்கியவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நின்ற பணம். நாலு தவணை என்றால் சரியாக ஒரு வருடம். இந்த உதவித்தொகை மூன்று வருடம் வரை உண்டு. ஆனால் வருடம் திரும்பும்போது நாமே போய் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். வேலையில் இல்லை, குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள்தான், அன்றாடம் கல்வி நிறுவனத்துக்குப் போய்ப் படிக்கவில்லை, இப்படி அதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நீங்கள் கொடுத்தீர்களா? எனக்கென்னவோ அங்கேதான் முடிச்சு இருப்பதாகப் படுகிறது. டைப்ரைட்டிங்கை நினைத்து பயப்படாதீர்கள், ஒரு மணி நேர வகுப்பை யாரும் பின்னாலேயே வந்து கணக்கெடுப்பதில்லை. ஆபீசுக்குப் போகும்போது நீங்களாகவே அதையும் சொல்லிவிடுங்கள், மனசு லேசாகும்.

இரண்டாவது, ஐடிஐ. அங்கே தினமும் போய்த்தான் படிக்க வேண்டும். அதனால் சேர்ந்த நாளிலிருந்து உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. தொலைதூரக் கல்விக்கும் அஞ்சல்வழிக் கல்விக்கும் அந்தத் தடை கிடையாது. உங்கள் வீட்டில் பயப்படுவது இதுவரைக்கும் உண்மைதான்.

ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள் அம்மா. உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு வருடம், மொத்தம் 9,600 ரூபாய். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் தருகிறார்கள், ஒரே வருடத்தில் 9,000. பயிற்சிக் கட்டணம் இல்லை. சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். ஆண்களுக்கு 40 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. கோபாவுக்குப் பத்தாம் வகுப்பு போதும். வயதைச் சொல்லி யாரும் உங்களைத் தடுக்க முடியாது.

நூல்கண்டு:
ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. உறுதிமொழி ஆவணம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முதல் தடவை எழுதிக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். பட்டம் படித்திருந்தால் 600 ரூபாய் என்கிறார்களே, தபாலில் பி.ஏ. படித்தால் எனக்கும் கூட்டித் தருவார்களா?

பழைய கோப்பு:
பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டுக்கு 400, பட்டத்துக்கு 600. ஆனால் நீங்கள் பட்டம் வாங்கவே மூன்று வருடம் ஆகும், அதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். பணத்துக்காகப் பட்டம் வேண்டாம். படிக்க ஆசை இருந்தால் தாராளமாகப் படியுங்கள்.

செம்பருத்தி:
நூல்கண்டு அக்கா, நான் 39 வயதில் அரசு மகளிர் ஐடிஐயில் கோபா சேர்ந்தவள். கூடப் படித்ததெல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் மவுஸ் பிடிக்கவே கை நடுங்கியது. எக்ஸெல் வந்ததும் பிடித்துப்போனது, ஹெச்டிஎம்எல்கூட சமாளித்தேன். ஜாவாஸ்கிரிப்ட்தான் கடைசி வரை கஷ்டம். டைப்ரைட்டிங் பழகியிருப்பதால் உங்களுக்குப் பாதி பயம் முதல் நாளே போய்விடும். இப்போது ஓர் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் பெரிதில்லை, ஆனால் மாதாமாதம் என் கைக்கு வருகிறது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். காலையில் போனால் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். பள்ளி விட்டு வரும் பையனை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் வகுப்பில் படிப்பை நிறுத்திய இரண்டு பேருமே படிப்பு வராமல் நிறுத்தவில்லை, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் நிறுத்தினார்கள்.

கரிசல்:
மாற்றுக் கருத்து ஒன்று. குரூப் 4 எழுதுகிற எண்ணம் இருந்தால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. டைப்ரைட்டிங் முடித்தால் தட்டச்சர் பணிக்கும் போட்டி போடலாம். அங்கே நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கும் போய்ப் பாருங்கள். அதில் வேலை கிடைத்தாலும் உங்கள் பதிவு ரத்தாகாது. என் தங்கை இதற்குப் பயந்தே மூன்று முகாமை விட்டுவிட்டாள்.

வைப்பாறு:
ஐயா சொன்னது சரி, யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்கவும் சகோதரி.

நூல்கண்டு:
பரவாயில்லை தம்பி.

இன்று ஆபீசுக்குப் போய் வந்தேன். ஐயா சொன்னதேதான், உறுதிமொழி ஆவணம் கொடுக்காததால் நின்றிருக்கிறது. பாஸ்புக் நகலோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். டைப்ரைட்டிங் போவதையும் சொன்னேன், ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. ஐடிஐயில் சேர்ந்தால் அன்றே கடிதம் கொடுத்துவிடச் சொன்னார்கள், அதற்காகப் பதிவு மூப்பு போகாதாம். படிப்பை முடித்துவிட்டு அந்தச் சான்றிதழையும் கூடுதல் தகுதியாகப் பதிந்துகொள்ளலாமாம்.

750 ரூபாய், பஸ் பாஸ் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பையனை எங்கம்மாகிட்ட விடலாம்" என்றார். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். செம்பருத்தி, மாற்றுச் சான்றிதழ் அசல் கேட்பார்களா, நகல் போதுமா?

செம்பருத்தி:
விண்ணப்பிக்கும்போது நகல் போதும் அக்கா. சேர்க்கை அன்று அசல் கையில் இருக்க வேண்டும், நாலைந்து போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த அன்றைக்கு இங்கே ஒரு வரி போடுங்கள், காத்திருப்பேன்.