எங்கள் ஊர் இரும்புப் பாலத்தை விட்டுவைக்க வழி உண்டா?

மலையடிவாரத்தான்:
சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊருக்கும் எதிர்க்கரைக்கும் இடையே, மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் மேல், வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம் ஒன்று நிற்கிறது. இருபுறமும் முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்களைப் பின்னி ரிவெட் அடித்து இறுக்கிய பாலம் அது. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். பக்கத்திலேயே கட்டப்படும் கான்கிரீட் பாலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அது திறந்ததும் பழையதைப் பிரித்து, காயலான் கடை விலைக்கு ஏலம் விடுவார்கள் என்று பேச்சு. சாயம் உரிந்த ஒரு சட்டத்தில் ‘டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து’ என்று ஆங்கில எழுத்துகள் புடைத்துத் தெரிகின்றன. இதைத் தொன்மைச் சின்னமாக அறிவிக்கக் கோரலாமா? நடைபாலமாகவாவது விட்டுவைக்கும்படி யாரிடம் மனுக் கொடுப்பது?

எதிர்க்கரை விவசாயி:
வணக்கம். பாலத்தின் அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரியை அதன்மேல் விட முடியாமல், சுற்றுவழியில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். பிடுங்கிய கிழங்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் மாவுச்சத்துப் பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு) குறைந்து, விலையும் குறைகிறது. பேருந்தும் ஆம்புலன்சும் அக்கரையோடு நின்றுவிடுகின்றன. பழைய பாலத்தின் பெயரால் புதிய பாலம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் எங்களுக்கு அது நட்டம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய கட்டுமானம்தான் தொன்மைச் சின்னமாகக் கருதப்படும். தாங்கள் கண்ட எழுத்துகள் அந்த வயதை நிரூபிக்கமாட்டா. அவை எஃகை உருட்டிய ஆலையின் முத்திரை. டார்மன் லாங் நிறுவனத்தின் உத்திரங்கள் நம் நாட்டில் பழைய பங்களாக்களின் மச்சிலும் உண்டு. அதே நிறுவனம்தான் 1932இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தையும் கட்டியது. ஆகவே பாலம் கட்டிய ஆண்டைப் பழைய அலுவலகப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

இனி பாலத்துக்கு வருவோம். இவ்வகைப் பாலத்தில் ஒவ்வொரு சட்டமும் இழுவிசையையோ அழுத்தத்தையோ தாங்கி, சுமையைக் கணுவுக்குக் கணு (சட்டங்கள் ஒன்றுசேரும் இணைப்பு) கடத்துகிறது. மேற்சட்டத்தில் துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டிச் சாயம் அடித்துவிடலாம். கீழ்ச்சட்டம் சேரும் கணுக்களில் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைத்து, தகடு உள்ளுக்குள்ளேயே அரிக்கப்படுவதுதான் ஆபத்து. இழுவிசை தாங்கும் கீழ்ச்சட்டம் ஒன்று அறுந்தால் முழுப் பாலமும் விழ வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து ஆற்றுக்குள் இருக்கிறது. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டிய இரும்புப் பாலத்துக்கு மாற்றாக 2016இல் புதிய பாலம் வந்தது. அதன்பின் போக்குவரத்து நின்றுபோன பழைய பாலம், 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி வெள்ளம் திறந்துவிடப்பட்டபோது, தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. வண்டி போகாவிட்டாலும் வெள்ளம் வரத்தான் செய்யும் என்பதால், ‘விட்டுவையுங்கள்’ என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கோரிக்கை. ஆண்டுதோறும் கணுக்களைச் சுத்தம் செய்து, அஸ்திவாரத்தைப் பார்த்து, சாயம் அடிக்கப்போவது யார், செலவு எந்தக் கணக்கில் என்று மனுவிலேயே எழுத வேண்டும். அது இல்லாத மனு எந்த அலுவலகத்திலும் கோப்புக்குள் தூங்கும். நான் அங்கே உட்கார்ந்திருந்தவன், தெரியும்.

கடல் கடந்தவன்:
அமெரிக்காவில் கிராமச் சாலைகளில் இத்தகைய பாலங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றில் பல அகற்றப்பட்டுவிட்டன. 1967இல் ஓஹியோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் (அது தொங்குபால வகை) இடிந்து 46 பேர் இறந்த பிறகு, நாடு முழுவதும் பாலங்களை முறையாகச் சோதிக்கும் விதிகள் வந்தன. சோதித்தால் பழையவற்றின் குறைகள் வெளிப்படாமல் இருக்குமா? எனினும் வரலாற்று மதிப்புள்ள பாலத்தை மத்திய நிதியில் இடிக்க முனையும் மாநிலம், பராமரிக்கும் பொறுப்பை ஏற்க முன்வருவோருக்கு அதை முதலில் கொடையாக வழங்க முன்வர வேண்டும் என 1987இல் சட்டம் செய்தார்கள். அப்படிக் கைமாறிய சில பாலங்கள் பிரிக்கப்பட்டு, வேறிடத்தில் மிதிவண்டிப் பாதைகளில் நிற்கின்றன.

மலையடிவாரத்தான்:
நன்றி ஐயா. இங்கேயும் அப்படிப் பிரித்து வேறிடத்தில் பூட்ட முடியுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
முடியும்; கான்கிரீட்டுக்கு இல்லாத வசதி அது. ரிவெட்டின் தலையைச் சீவித் தள்ளிவிட்டு, திரும்பப் பூட்டும்போது உயர்வலிமை போல்ட்டுகளைப் போடலாம். ஆனால் கட்டரை வைத்து சட்டத்தைக் குறுக்கே வெட்டிவிட்டால் அப்புறம் அது வெறும் எடைக்கு எடை இரும்புதான். ஏலம் எடுப்பவருக்கு வெட்டுவதே மலிவு. ஆகவே ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே, ஒவ்வொரு கணுவுக்கும் சட்டத்துக்கும் பெயின்ட்டில் எண் எழுதி, அளவெடுத்து, படம் பிடித்து, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். பராமரிப்பை ஏற்பதாக ஊராட்சித் தீர்மானம் ஒன்றும் இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

எதிர்க்கரை விவசாயி:
வேறிடத்தை வெளியே தேடுவானேன்? ஏரிக்கரைக் கால்வாய்க்கு அப்பால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் பனைமரத்துண்டின்மேல்தான் கடக்கிறார்கள். பாலத்தை அங்கே கொண்டுபோய் வைப்பதாகக் கேட்டால், எங்கள் கரையிலிருந்தும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். புதிய பாலத்தின் அணுகுசாலையை மழைக்காலத்துக்குமுன் முடிக்கச் சொல்லியும் அதே மனுவில் ஒரு வரி சேருங்கள்.