சார்ல் மார்வில் எடுத்த புகைப்படங்களில் பாரிஸ் தெருக்கள் ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன?

கேள்வி:
ஒரு வாரமாக சார்ல் மார்வில் எடுத்த பழைய பாரிஸ் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாரிஸை இடித்துப் புதிதாகக் கட்டவைத்த நிர்வாகி ஓஸ்மான் காலத்தில் இடிக்கப்படவிருந்த தெருக்களைப் பதிவுசெய்ய நகராட்சியே 1860-களில் அவரை அமர்த்தியது. அப்படி எடுத்தவை 400-க்கும் மேல். சனம் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகள், ஆனால் ஆளையே காணோம். முன்கூட்டியே காலி செய்துவிட்டார்களா?

பதில் 1:
இல்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்குச் சில நொடிகளாவது வெளிச்சம் விழ வேண்டும். நடந்து போகிறவர் பதியவே மாட்டார்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நான் பல வருடமாக ஈரக் கொலோடியன் முறையில் படமெடுக்கிறேன், மார்வில் செய்ததும் அதுதான். கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்து, மிச்சத்தைக் குப்பிக்குள் வடிக்க வேண்டும். பிறகு சில்வர் நைட்ரேட்டில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதனால் தெருவிலேயே பக்கத்தில் இருட்டறை வேண்டும். அந்த அவசரத்தோடுதான் அவர் அவ்வளவு பெரிய தகடுகளைக் கையாண்டார். நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

என் தகடு ஒன்றில் ஒருவருடைய செருப்பு மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது. இடுப்புக்கு மேலே வெறும் புகை. பாதத்தை ஊன்றியபடி உடம்பைத் திருப்பியிருக்கிறார். மார்வில் படங்களைப் பெரிதாக்கி, கதவோரங்களையும் கடை வாசல்களையும் பாருங்கள்.

அப்படியே தெருவின் நடுவில் ஓடும் சாக்கடையையும் பாருங்கள். ஈரக் கல் வானத்து வெளிச்சத்தை வாங்கி மின்னும். அந்த ஒரு கோடுதான் கண்ணைச் சந்தின் கடைசிவரை இழுத்துப் போகிறது.

பதில் 3:
பழையதை நினைத்து உருகியவர் என்றே பலரும் மார்விலைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புதிய எரிவாயு விளக்குக் கம்பங்களையும் பொதுச் சிறுநீர்க் கழிப்பிடங்களையும் அதே கவனத்தோடுதான் எடுத்திருக்கிறார். 1870-களில் ஓப்பெரா அவென்யூ என்ற புதிய சாலைக்காக மூலான் மேட்டை வெட்டிச் சமன்செய்ததையும் விடவில்லை. ஓஸ்மான் 1870-இல் பதவி இழந்த பிறகும் வேலை தொடர்ந்தது, மார்விலும் தொடர்ந்தார். இடிக்கிறவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே, இடிபடப் போகிற சுவரின் ஒவ்வொரு விரிசலையும் பத்திரப்படுத்திய மனிதர். அவர்மேல் எனக்கு மரியாதை வருவதே அந்த இடத்தில்தான்.

கேட்டவர்:
பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கதவோரம் புகை மாதிரி ஏதோ இருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தகட்டில் படிந்த கறை என்றே நினைத்திருந்தேன்.