பாட்டை நிறுத்தினாலும் ஹம்: கெப்பாசிட்டரா, கிரவுண்டா?

காட்பாடிக்காரன்:
டிடிஏ 2030 ஐசி இரண்டு போட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்திருக்கிறேன். 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்க டயோடு பிரிட்ஜ், அந்த டிசியைச் சீராக்க 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. பாட்டு அருமையாக வருகிறது. ஆனால் பாட்டை நிறுத்தினாலும் ‘உம்ம்’ என்று ஹம். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அதே அளவு. எங்கே பார்ப்பது?

ஆற்காடு சர்வீஸ்:
அந்த 4700 ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் தம்பி. கழற்றிவிட்டு 10,000 மைக்ரோ போடுங்க. இப்போது வரும் மலிவு சரக்கில் மேலே அச்சடித்த மதிப்பு உள்ளே இருப்பதில்லை.

குடியாத்தம்:
அண்ணா, பழைய ரேடியோவில் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும், சரி. இது புதுசு. பாட்டு ஓடாதபோது இரண்டு ஐசியும் சேர்ந்து இழுப்பது சுமார் 0.1 ஆம்பியர். 4700க்கு அதில் வரும் ரிப்பிள், அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம், அடியிலிருந்து உச்சிவரை 0.2 வோல்ட். அதில் நூறில் ஒரு பங்குகூட ஐசி வெளியே விடாது. காதில் உறைக்கிற ஹம் அங்கிருந்து வராது. வால்யூம் குறைத்தும் போகவில்லை என்றால் போன், ப்ளூடூத் மேலும் பழி இல்லை. தம்பி, இன்புட் ஒயரைச் சுற்றியிருக்கும் ஷீல்டை, அதாவது அதன் கிரவுண்டு (மைனஸ்) பக்கத்தை, எங்கே சாலிடர் வைத்தீங்க?

காட்பாடிக்காரன்:
பிரிட்ஜின் மைனஸ் காலில். அங்கிருந்து ஒரு சாண் ஒயர் கெப்பாசிட்டர் மைனஸுக்குப் போகிறது.

குடியாத்தம்:
கோளாறே அதுதான். அந்த ஒரு சாண் ஒயரில் கெப்பாசிட்டரை நிரப்பும் சார்ஜிங் கரண்ட் விநாடிக்கு 100 தடவை குத்திக் குத்திப் போகும், சராசரியைவிடப் பல மடங்கு. ஒயரின் இரண்டு முனைக்கும் நடுவே உண்டாகும் மில்லிவோல்ட்டை ஐசி பாட்டு என்று நினைத்துப் பெருக்குகிறது. ஷீல்டு, ஸ்பீக்கர் மைனஸ், போர்டு கிரவுண்டு எல்லாவற்றையும் தனித்தனி ஒயராகக் கெப்பாசிட்டர் மைனஸுக்குக் கொண்டுவாங்க.

ஆற்காடு சர்வீஸ்:
கணக்கு சரி, 4700 உண்மையிலேயே 4700 ஆக இருந்தால். ஊகிக்க வேண்டாம், அதன் இரண்டு காலுக்கும் நடுவே ரிப்பிளை அளங்க. மீட்டரை ஏசியில் வைத்து, சிவப்பு ஒயரில் 1 மைக்ரோ பாலியஸ்டர் கெப்பாசிட்டரை சீரிஸில் போட்டுக்கொள்ளுங்க. இல்லாவிட்டால் சில மீட்டர் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும். மீட்டர் அடியிலிருந்து உச்சிவரை உள்ள 0.2ஐ முழுதாகக் காட்டாது; 0.1க்குள் வந்தால் அது நல்ல கெப்பாசிட்டர்.

ராணிப்பேட்டை:
இவ்வளவு எதுக்கு? மூணு பின் பிளக்கில் எர்த் ஒயரை வெட்டிவிடுங்க, ஹம் போயிடும்.

ஆற்காடு சர்வீஸ்:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீங்க! தகரப் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தால்தான் ஃபியூஸ் போகும்.

குடியாத்தம்:
இதில் அண்ணன் பக்கம்தான் நானும்.

காட்பாடிக்காரன்:
மீட்டரில் 0.07. கிரவுண்டை மாற்றிக் கட்டினேன், ஹம் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் லேசாக இருக்கிறது.

குடியாத்தம்:
உங்களுடையது போல பிளஸ், கிரவுண்டு மட்டும் உள்ள ஒற்றை சப்ளையில் ஐசியின் உலோக முதுகும் கிரவுண்டுதான். அதில் முடுக்கிய, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் பெட்டியில் தொட்டால் கிரவுண்டுக்கு இன்னொரு வழி உண்டாகிவிடும். ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கரண்ட் கடத்தாத மைக்கா தகடு வைத்துப் பாருங்க.

ஆற்காடு சர்வீஸ்:
மைக்காவுக்கு முன்னால், இன்புட்டுக்குப் பாதி வோல்ட்டேஜ் கொடுக்கும் இடத்தில் இருக்கும் 22 மைக்ரோ கெப்பாசிட்டரை 100 ஆக்குங்க. மிச்ச ரிப்பிள் அந்த வழியாகத்தான் நுழையும். கெப்பாசிட்டரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. நம்ம வேலூர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும். 105 டிகிரி என்று போட்டதை வாங்கி, ஹீட் சிங்க்கை விட்டுத் தள்ளி வையுங்க.