மட்டக்களப்புக் கோட்டை மதிலில் வயசான அப்பாவை ஏற்றலாமா?

வாவிக்கரை:
அப்பாவுக்கு 76. இரண்டு முழங்காலிலும் நோ, தடியோடு மெதுவாக நடப்பார், கொஞ்ச நேரம் நின்றாலே முகம் சுருங்கிவிடும். கோட்டைக்குள் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) இருந்த காலத்தில் அங்கே கிளாக்கராக இருந்தவர். ஊருக்கு வந்ததிலிருந்து மதில் மேல் ஏறி வாவியைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடி. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறா. சக்கர நாற்காலி உதவுமா?

கல்லடிக்காரன்:
கூட்டிப்போங்க தம்பி. சிகிரியா மாதிரி ஆயிரம் படி இல்லை, கோட்டை இருக்கிற புளியந்தீவில் எல்லாம் தரைமட்டம்தான், ஆட்டோவில் வாசலடியில் இறங்கலாம். மதில்தான் சிக்கல். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, அந்தப் பழைய கல் ஒரே மட்டமாக இராது, கைப்பிடி இருக்கும் என்று நம்பியும் போகக்கூடாது. மாரியில் வழுக்கும், அப்போது ஏற்றவே வேண்டாம். சூடான கச்சான் காற்று வீசும் காலமென்றால் வெள்ளனப் போய் வெயில் ஏறமுன் திரும்பிவிடுங்க.

நர்ஸ் அக்கா:
முழங்கால் நோவுக்கு இறங்குவதுதான் பெரிய வேதனை, ஆகவே அவர் சிரித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து ஏமாறாதீங்க. ஏறும்போது நோ குறைந்த கால் முதலில், இறங்கும்போது தடியும் நோ கூடிய காலும் முதலில், நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்க. சக்கர நாற்காலி முற்றத்துக்குச் சரி, ஆனால் முன் சில்லு சின்னது, கல் இடுக்கில் மாட்டும். மாட்டினால் தள்ளாமல் திருப்பிப் பின்பக்கமாக இழுங்க. சலம் போகவைக்கும் குளிசை ஏதும் காலையில் எடுப்பாரென்றால், மலசலகூடம் போக வேண்டிவரும் என்று அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

மட்டுநகர் கிழவன்:
ஏலாவிட்டால் காந்தி பூங்காவில் இருத்துங்க, தண்ணீருக்கு அப்பால் கோட்டை தெரியும். நானும் இப்போது அப்படித்தான். ஆனால் முதலில் அவரிடம் கேளும் மகன், மதிலா வேணும், தான் இருந்து வேலை செய்த அறையா?

வாவிக்கரை:
கேட்டேன் ஐயா. மதில்தானாம், அறையைப் பார்த்துப் பார்த்துத்தான் பென்சன் எடுத்தாராம்! சரி, மழை இல்லாவிட்டால் நாளைக்கு வெள்ளனப் போகிறோம், மடக்குக் கதிரையும் வரும். அம்மாவும் வாறாவாம், காவலுக்கு.