டப்போவுக்குப் போகலாமா? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

குடியாத்தம் தம்பி:
அண்ணா, அக்கா, அவசரம். சிட்னிக்குப் புதிதாக வந்திருக்கிறோம், வென்ட்வொர்த்வில்லில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறோம். மனைவி சி.எம்.சி.யில் படித்த நர்ஸ். சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி டப்போவில் வேலை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே நம் ஆட்கள் இருப்பார்களா? சென்சஸில் 'இந்தியாவில் பிறந்தவர்கள்' என்று மட்டும்தான் பார்த்தேன். கைக்குழந்தையோடு தனியாக மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது.

காட்பாடிக்காரன்:
தம்பி, சிட்னியை விடாதீர்கள். நான் 2008இல் மெல்பர்ன் வந்தபோது ஐ.டி. வேலை கிடைக்காமல் ராத்திரியெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். அப்போது கூப்பிட்டுச் சோறு போட்டது ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். முன்னால் வந்தவர்கள் இருக்கிற ஊரில்தான் புதிதாக வருகிறவன் தாக்குப்பிடிக்க முடியும்.

ஆம்பூர் அக்கா:
ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? நாங்கள் ஆரம்பித்ததே சின்ன ஊரில்தான். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவேன். சீரகச் சம்பா கிடைக்காது, யாராவது சிட்னி போனால் வாங்கிவரச் சொல்லலாம். வேறு என்ன குறை?

வாலாஜாக்காரர்:
பிறந்த இடம் என்றாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு, பாஸ்போர்ட்டில் வேலூர், 2019இல் மாவட்டம் பிரித்த பிறகு வாங்கிய காகிதத்தில் ராணிப்பேட்டை. மூன்றும் ஒரே ஊர்தான் என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுத வேண்டியிருக்கிறது.

காட்பாடிக்காரன்:
எனக்கும் அதே தொல்லை சார். கேட்டால் அங்கேயும் பதில் இல்லை, இங்கேயும் இல்லை.

போளூர் அண்ணி:
தம்பி கேட்டதற்கு வருவோம். முதலில் என்ன விசா என்று சொல்லுங்கள், எல்லாம் அதைப் பொறுத்தது.

சென்சஸில் இந்தியா என்றால் பஞ்சாபி, மலையாளி எல்லாரும் ஒரே வரியில் வருவார்கள். ஈழத்தமிழர் இலங்கை வரியில் இருப்பார்கள். அதனால் வீட்டில் பேசும் மொழி என்ற பகுதியில் தமிழைத் தேடுங்கள். வந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளையர் அல்லாதவர்களைக் குடியேற விடாத வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல் முடிவதற்கு முன் இந்தியாவிலிருந்து வந்தவர்களில் ஆங்கிலோ இந்தியர்கள்தான் அதிகம். சமீபத்தில் வந்தவர்கள் நிறைய என்றால் உங்களைப் போலக் குழந்தை வைத்திருக்கும் குடும்பங்கள் கிடைக்கும். ஆனால் 2021 கணக்கு எடுத்தபோது கொரோனாவுக்காக எல்லையை மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த நர்ஸுகள் யாரும் அதில் இல்லை.

குடியாத்தம் தம்பி:
491 என்கிற தற்காலிக விசா அண்ணி.

போளூர் அண்ணி:
அட, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! 491இல் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றிலும் குடியிருக்க முடியாது. டப்போ செல்லும். 3 ஆண்டு வருமான வரி மதிப்பீட்டைக் காட்டித்தான் 191 விசா, அதாவது நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர்., கேட்க முடியும். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து தங்க இடம் தருவார்களா, குடிபெயரும் செலவு தருவார்களா என்று கேளுங்கள். சைல்டுகேரில் இப்போதே பெயர் கொடுங்கள், சின்ன ஊர்களில் அதற்கு நிறையக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். சிட்னியில் தங்கிய நாட்களைப் பற்றிப் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.