ரிப்போட் காப்பிய முதல்ல அழிங்க

குழு: பழைய லயம் – தாமான் குடும்பங்கள்

கடைக்கார அண்ணன்: கோயில் மண்டப மானியக் காசு மோசடி கேஸ். செயலாளர் கொடுத்த போலிஸ் ரிப்போட் படம் கையில வந்துருச்சு, மேல பாருங்க. யார் யார் பேரு இருக்குன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) குழு, கால்பந்து குழு, தைப்பூசக் குழு எல்லாத்துலயும் போட்டுட்டேன்.

கடைக்கார அண்ணன்: நாளைக்குக் காலையில 10 மணிக்கு ஒய்.பி. (நம்ம நாடாளுமன்ற உறுப்பினர்) கோயில் வாசல்ல பத்திரிகைக்காரங்களக் கூப்புடுறாரு. எல்லாரும் வந்து நிக்கணும்.

லாயரம்மா: அண்ணே, அந்தப் படத்த இப்பவே எடுத்துருங்க. அழுத்திப் பிடிச்சா "எல்லாருக்கும் நீக்கு" வரும். போட்டு ஏறக்குறைய ரெண்டு நாள் வரைக்கும்தான் அது வேலை செய்யும். மத்த குழுவுல அட்மின்கிட்ட சொல்லுங்க. ரெண்டு சாட்சியோட ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரும் வீட்டு அட்ரஸும் அப்படியே தெரியுது.

கடைக்கார அண்ணன்: லாயரம்மா, ரிப்போட் போட்டு 33 நாளாச்சு. ஒரு ஆளக்கூடப் புடிக்கல. வெளிய போட்டாத்தான் பயம் வரும்.

சார்ஜன் ஐயா: பயம் வரும் தம்பி, சாட்சிக்கு வரும். ஐ.ஓ., அதாவது விசாரணை அதிகாரி, ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வச்சு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-க்குக் கீழ வாக்குமூலம் எடுப்பாரு. மூணு பேரு தனித்தனியா ஒரே விஷயத்தச் சொன்னாத்தான் அதுக்கு எடை. இப்ப எல்லாரும் ரிப்போட்டப் படிச்சாச்சு. நாளைக்கு கோர்ட்ல எதிர்த்தரப்பு லாயர் "நேர்ல பார்த்தீங்களா, போன்ல படிச்சீங்களா"ன்னு ஒரே கேள்வி கேட்டாப் போதும்.

சார்ஜன் ஐயா: ஆளோட போட்டோவ மட்டும் யாரும் போட்டுறாதீங்க. செக்க மாத்தினது யாருன்னு ஒருத்தர் அடையாளம் காட்ட வேண்டி வந்தா, காவாட் சாம் வைப்பாங்க. கிட்டத்தட்ட ஒரே உருவத்துல உள்ளவங்கள வரிசையா நிக்க வச்சு காட்டச் சொல்றது. போட்டோ ஊரெல்லாம் சுத்தின பின்னாடி அந்த அணிவகுப்புக்கு மதிப்பு கிடையாது.

டீச்சர்: சரி ஐயா, 33 நாளா ஏன் யாரையும் பிடிக்கல? அதுதானே எல்லாரோட ஆத்திரமும்.

சார்ஜன் ஐயா: பிடிச்ச நிமிஷத்துல கடிகாரம் ஓட ஆரம்பிக்குது டீச்சர். 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அப்புறம் அதே நடைமுறைச் சட்டம் 117-ல ரிமாண்ட். தண்டனைச் சட்டத்துல நம்பிக்கை மோசடி 406-ன்னா அதிகபட்சம் 10 வருஷத் தண்டனை, அதனால முதல் தடவை 4 நாள், ரெண்டாவது தடவை 3 நாள், அவ்வளவுதான். 14 வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனை உள்ள குற்றத்துக்கு 7-ம் 7-ம் கிடைக்கும், அரசு ஊழியர், ஏஜெண்ட் மாதிரி ஆளுங்க பண்ற நம்பிக்கை மோசடிக்கான 409 அந்த ரகம். பேங்க் கணக்கு, செக் படம், குத்தகைக்காரரோட பில்லு ஒண்ணும் கைக்கு வராம ஆளப் புடிச்சா, அந்த ஏழு நாளும் வீணாப் போயிரும். விவரம் தெரிஞ்ச ஐ.ஓ. முதல்ல காகிதத்தச் சேர்ப்பாரு, கடைசியிலதான் ஆளத் தொடுவாரு.

லாயரம்மா: ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. கூட்டம் கத்துதேன்னு அரைகுறை ஆதாரத்தோட குற்றம் சாட்டிட்டா, விடுதலை ஆயிடும். அரசியலமைப்புச் சட்டம் 7(2) படி ஒரு தடவை முழுசா விடுதலை ஆனவர அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. டி.என்.ஏ.ஏ.-ன்னா, அதாவது முழு விடுதலை ஆகாம வழக்குலேர்ந்து விடுவிச்சா மட்டும் திரும்பக் குற்றம் சாட்ட வழி இருக்கு. "மூடு"ன்னு வர்ற அழுத்தம் மாதிரியே "இன்னைக்கே பிடி"ன்னு வர்ற அழுத்தமும் கேஸக் கொல்லும்.

கடைக்கார அண்ணன்: எடுத்துட்டேன். தைப்பூசக் குழுவுல மட்டும் அட்மின் தூங்கிட்டாரு, போன் அடிச்சுக்கிட்டு இருக்கேன்.

கடைக்கார அண்ணன்: ஆனா ஒண்ணு கேக்குறேன் லாயரம்மா. 1எம்டிபி, அந்த அரசாங்க முதலீட்டு நிதி ஊழல், எப்படி வெளிய வந்துச்சு? கசிஞ்சதுனாலதானே? எல்லாரும் வாய மூடிட்டு இருந்திருந்தா?

லாயரம்மா: நியாயமான கேள்வி அண்ணே. 2015 ஜூலை 2-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதுச்சு. அதே மாசம் 28-ஆம் தேதி, விசாரணைக் குழுவுல இருந்த சட்டத்துறைத் தலைவர் கனி பட்டேல் பதவி போச்சு, உடல்நிலைக் காரணம்னு அறிவிச்சாங்க. 2016 ஜனவரி 26-ல அடுத்து வந்தவர் அப்போதைய பிரதமர் நஜிப் மேல குற்றம் எதுவும் இல்லன்னு கோப்ப மூடினாரு. தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கைய அரசாங்க ரகசியச் சட்டத்துல பூட்டி வச்சாங்க, ஆட்சி மாறின பிறகு 2018 மே மாசந்தான் திறந்தாங்க. உள்ளுக்குள்ள இருந்த எல்லாக் கதவையும் அடைச்சப்போ வெளியிட்டது சரிதான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

லாயரம்மா: ஆனா 2020 ஜூலை 28-ல நஜிப்புக்கு எஸ்.ஆர்.சி. (1எம்டிபியோட முன்னாள் துணை நிறுவனம்) கேஸ்ல தண்டனை வந்தது பத்திரிகைச் செய்திய வச்சு இல்ல. பேங்க் ஆளுங்க சாட்சிக் கூண்டுல ஏறி, கணக்குப் புத்தகத்த முறைப்படி தாக்கல் பண்ணி, ஒவ்வொரு பணமாற்றமா நிரூபிச்சாங்க. நம்ம கேஸ்ல இன்னும் ஒரு கதவக்கூட நாம தட்டிப் பார்க்கல.

நிருபர் தம்பி: அக்கா, அரசியல்வாதி ரஃபிஸி கதையையும் சொல்லிருங்க. எங்க வேலையில எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்க வேண்டிய கேஸ் அது.

லாயரம்மா: மாட்டுப் பண்ணை விவகாரம் தம்பி. 2012 மார்ச்சுல பேங்க் இருப்பு விவரங்கள பத்திரிகைக்காரங்க முன்னாடி வெளியிட்டாரு. 2018 பிப்ரவரியில ஷா ஆலம் செஷன்ஸ் கோர்ட் 30 மாசச் சிறை கொடுத்துச்சு, 2019 நவம்பர்லதான் உயர் நீதிமன்றம் விடுவிச்சது. ஏழு வருஷத்துக்கு மேல. தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010-ல, அமலாக்க அமைப்புகிட்ட சொன்னாத்தான் பாதுகாப்பு. அதே தகவல மைக்ல சொன்னா அந்தப் பாதுகாப்பு வராது.

டீச்சர்: எஸ்.பி.ஆர்.எம். (ஊழல் தடுப்பு ஆணையம்)-கிட்ட புகார் கொடுக்கலாம்னும் பேச்சு இருக்கே. கொடுத்துட்டா அத இங்க சொல்லலாமா?

லாயரம்மா: கூடாது டீச்சர். அவங்க சட்டம் பிரிவு 29 படி, யாரையாவது கோர்ட்ல குற்றம் சாட்டுற வரைக்கும் அந்தப் புகார் ரகசியம். காசு பல கணக்கு மாறிப் போயிருந்தா பணச்சலவைச் சட்டமும் வரும், அதுல விசாரணை நடக்குதுன்னு சம்பந்தப்பட்டவங்களுக்குத் துப்புக் கொடுக்கறதே தனிக் குற்றம். எந்தக் கணக்கப் பார்க்குறாங்கன்னு தெரிஞ்சா ஒரே ராத்திரியில ரசீதுப் புத்தகம் எரியும், போன் துடைக்கப்படும்.

நிருபர் தம்பி: அதிகாரிங்களே இதுல தப்புப் பண்ணியிருக்காங்க. 2020 ஜனவரி 8-ல எஸ்.பி.ஆர்.எம். தலைவர் லத்தீபா கோயா நஜிப் சம்பந்தப்பட்டதுன்னு ஒன்பது ஒலிப்பதிவ செய்தியாளர் கூட்டத்துல போட்டுக் காட்டினாங்க. மக்களுக்குத் தெரியணும்னு அவங்க காரணம் சொன்னாங்க. கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போது ஆதாரத்த வீதியில போடலாமான்னு லாயர்ங்க பக்கமிருந்து கடுமையான கண்டனம். அமெரிக்காவுலயும் 2016 அக்டோபர் 28, தேர்தலுக்கு 11 நாள் இருக்கும்போது எஃப்.பி.ஐ. தலைவர் கோமி கிளின்டன் மின்னஞ்சல் விசாரணை பத்தி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினாரு. நவம்பர் 6-ல "புதுசா ஒண்ணுமில்ல"ன்னு ரெண்டாவது கடிதம். 2018-ல அவங்க நீதித் துறைக் கண்காணிப்பாளரே அது நடைமுறைய மீறினதுன்னு எழுதிட்டாரு. ரெண்டாவது கடிதத்தால முதல் கடிதத்தத் திரும்ப வாங்க முடியல.

கோயில் செயலாளர்: ஐயா, எனக்கு வேற பயம். ஐ.ஓ.-வுக்கு மேல இருந்து போன் வருதுன்னு ஒரு வாய்ஸ் நோட்டு சுத்துது. அவர மாத்தப் போறாங்களாம்.

சார்ஜன் ஐயா: அந்த வாய்ஸ் நோட்டயும் யாரும் அனுப்பாதீங்க, யார் சொன்னதுன்னே தெரியாது. நிஜமா போன் வந்தா ஐ.ஓ. என்ன செய்யணும்னு சொல்றேன். நடைமுறைச் சட்டம் 119-ல விசாரணை டயரின்னு ஒண்ணு இருக்கு, நாளுக்கு நாள் எழுதியாகணும்: எத்தன மணிக்குத் தகவல் வந்துச்சு, எங்க போனாரு, என்ன செஞ்சாரு. இந்த நேரத்துல இன்னார் கூப்புட்டு இப்படிச் சொன்னாருன்னு ஒரு வரி அதுல ஏறிட்டா, அப்புறம் கூப்புட்டவருக்குத்தான் சங்கடம். வாய்மொழியா உத்தரவு போட்டா "எழுத்துல கொடுங்க துவான்"னு கேக்கணும். எழுத்துல கொடுக்க யாரும் வர மாட்டாங்க.

சார்ஜன் ஐயா: மாத்தினாலும் ஃபைலு பாலாய்லதான் (போலிஸ் ஸ்டேஷன்) இருக்கும், ஆளோட போகாது. "புது ஐ.ஓ. பேரென்ன, ஃபைலு எந்தத் தேதியில ஒப்படைச்சீங்க"ன்னு கடிதத்துல கேளுங்க. அத விட்டுட்டு "வித்துட்டான்"னு எழுதினா அவதூறு. தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233-ம் பாயும், 2025 திருத்தத்துக்கு முன்னாடி அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளி, இப்ப 500,000.

லாயரம்மா: திருத்தம் 2025 பிப்ரவரியில அமலுக்கு வந்தது, தொகை ஐயா சொன்னதுதான். ஐ.ஓ. மேல உண்மையிலேயே புகார் இருந்தா ஈப்போ தலைமையகத்துல ஜே.ஐ.பி.எஸ். (போலிஸோட நேர்மைப் பிரிவு), இல்லன்னா 2023 ஜூலை 1-லேர்ந்து இயங்குற ஐ.பி.சி.சி. (போலிஸ் நடத்தைக்கான சுயேச்சை ஆணையம்). ரெண்டுக்கும் எழுத்துல போங்க.

கடைக்கார அண்ணன்: அப்ப சும்மா கையக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?

லாயரம்மா: இல்லண்ணே, சத்தம் போடணும். எதக் கேட்டுச் சத்தம் போடுறோம்கறதுதான் முக்கியம். 2009-ல யூ.எஸ்.ஜே. தாய்ப்பான் பாலாய்ல காவல்ல இருந்த குகன் இறந்தப்போ, முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரல்ல நீர் கோத்துச்சுன்னு சொன்னது. குடும்பம் விடாப்பிடியா ரெண்டாவது பரிசோதனை கேட்டுச்சு. அடிபட்டதால சிறுநீரகம் செயலிழந்ததுன்னு அதுலதான் வந்துச்சு. 2013 ஜூன் 26-ல உயர் நீதிமன்றம் போலிஸ் பொறுப்புன்னு சொல்லி இழப்பீடு கொடுத்துச்சு. அந்த ஜனங்க போட்ட சத்தம் ஒரு ஆதாரத்த உண்டாக்குச்சு.

கோயில் செயலாளர்: நமக்கு அதுமாதிரி என்ன கேக்கலாம்?

லாயரம்மா: நடைமுறைச் சட்டம் 107ஏ. ரிப்போட் கொடுத்தவரு, அதாவது நீங்க மட்டும், விசாரணை எந்த நிலையில இருக்குன்னு எழுத்துல கேக்கலாம். கைது வாரண்டு இல்லாம பிடிக்கக்கூடிய குற்றமா இருக்கணும், ரிப்போட் போட்டு நாலு வாரம் ஆகியிருக்கணும். ரெண்டும் சரியா இருக்கு. ரிப்போட் கொடுத்த அதே பாலாய்த் தலைவருக்கு எழுதணும், ரெண்டு வாரத்துல பதில் கொடுக்கணும். விசாரணையக் கெடுக்குற விவரம் எதுவும் அதுல வராது, அத எதிர்பார்க்காதீங்க. பதில் வரலன்னா பப்ளிக் பிராசிகியூட்டருக்குப் (அரசு வழக்குத் தொடுநர்) புகார் எழுதுங்க, அவரு மாவட்டப் போலிஸ் தலைவர்கிட்ட விவர அறிக்கை கேப்பாரு.

சார்ஜன் ஐயா: மூணு மாசம் முடிஞ்ச ஒரு வாரத்துல 120 படி ஐ.பி., அதாவது விசாரணைக் கோப்பு, டி.பி.பி.-கிட்ட (துணை அரசு வழக்குத் தொடுநர்) போகணும். அந்தத் தேதிய இப்பவே காலண்டர்ல குறிங்க. டி.பி.பி. ஓரத்துல குறிப்பு எழுதி "இத இன்னும் விசாரி"ன்னு திருப்பி அனுப்புறது சகஜம், அத மூடிட்டாங்கன்னு நினைச்சு கொதிக்கக் கூடாது.

நிருபர் தம்பி: ஒய்.பி. நாளைக்குப் பேசட்டும், ஆனா பேரு, கணக்கு நம்பர், யாரு திருடன் எதுவும் வேணாம். "நாலு வாரம் தாண்டியாச்சு, 107ஏ கடிதம் கொடுத்திருக்கோம், இந்தத் தேதிக்குள்ள பதில் வேணும்"னு சொன்னா எங்க ஆசிரியர் தாராளமா போடுவாரு. அந்தத் தேதி வந்தப்புறம் நானே மறுபடி கேட்டு எழுதுவேன். நாடாளுமன்றத்துலயும் அவரு நிலவரத்தக் கேக்கலாம், குற்றச்சாட்டு கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வரைக்கும்.

டீச்சர்: ஒய்.பி. மானியம் கொடுத்தவரும்தானே? அவரே விசாரணைக்கு வர வேண்டியவரு ஆகலாமே.

லாயரம்மா: சரியாப் பிடிச்சீங்க டீச்சர். மானியக் கோப்பு அவரு ஆபிஸ்ல இருக்கு, அவரும் சாட்சி. அதனால மைக்க செயலாளரே பிடிக்கணும், இடமும் கோயில் வாசல் வேணாம், சமூக மண்டபத்துல வைங்க. ஒய்.பி.-கிட்ட நான் பேசுறேன்.

கோயில் செயலாளர்: நாங்க கையில வச்சிருக்கறத என்ன செய்யணும்?

சார்ஜன் ஐயா: கோயில் கணக்கோட பேங்க் ஸ்டேட்மெண்ட் கையெழுத்துக்காரங்களே கேட்டு வாங்கலாம், போலிஸ் தேவையில்ல. செக் அடிக்கட்டை, கூட்டக் குறிப்புப் புத்தகம், குத்தகைக்காரர் கொட்டேசன், ஆர்.ஓ.எஸ்.-க்கு (சங்கப் பதிவகம்) அனுப்புன வருடாந்தர அறிக்கை, அசல ஒரு பெட்டியில பூட்டி வைங்க. ஒரு செட்டு நகல் ஐ.ஓ.-கிட்ட கொடுத்து, பட்டியல்ல கையெழுத்து வாங்குங்க. மண்டபத்து சி.சி.டி.வி. இன்னைக்கே பாருங்க, டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே எழுதிரும்.

லாயரம்மா: வாட்ஸ்அப் ஆதாரம் இருந்தா ஸ்கிரீன்ஷாட் போதாது. மெசேஜ் வந்த போன அப்படியே வச்சிருங்க, மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க.

கடைக்கார அண்ணன்: தைப்பூசக் குழுவுலயும் படத்த எடுத்தாச்சு. அந்த ரெண்டு சாட்சி வீட்டுக்கும் நானே நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டு வர்றேன்.

லாயரம்மா: போங்கண்ணே, ஆனா கேஸப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. சாட்சியக் கலைச்சாங்கன்னு அதுவே பிரச்சினை ஆகும்.

கோயில் செயலாளர்: கடிதம் மலாய்ல எழுதிட்டேன். ரிப்போட் நம்பர், கொடுத்த தேதி, 107ஏ, ஐ.ஓ. பேரு, என் போன் நம்பர். லாயரம்மாவுக்குத் தனியா அனுப்புறேன், இங்க போடல.

லாயரம்மா: வந்துருச்சு. ரெண்டாவது பத்தியில "பணத்தைத் திருடிய"ன்னு வர்றத "புகாரில் கூறப்பட்ட"ன்னு மாத்துங்க. மத்தது சரி. ரெண்டு காப்பி எடுங்க, நாளைக்கு எட்டரைக்கே பாலாய் போயிருங்க, உங்க காப்பியில தேதியோட சாப் (முத்திரை) வாங்கிட்டு மண்டபத்துக்கு வாங்க. சாப் இல்லன்னா ரெண்டு வாரம் எப்ப தொடங்குச்சுன்னு காட்ட முடியாது.