கார் நிறுத்த இடம் வேண்டுமாம், பாட்டி வீட்டை இடிக்கலாமா?

கேள்வி: முற்றத்து வெயில்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நேரு வீதிக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீடு. முகப்பு 20 அடி, நீளம் 90 அடி. தெருவோரம் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், கடைசியில் கிணறு. பாட்டி போன பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. கூடத்தில் மெட்ராஸ் ஒட்டு (மரத்தூலத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு போட்ட தளம்) ஒழுகுகிறது, ஒரு தூலத்தில் கரையான்.

தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு கார். சனி, ஞாயிறு வந்தால் சென்னை, பெங்களூர் வண்டிகள் வேறு. காந்தி வீதியில் ஞாயிறு சந்தைக்கு வருகிறவர்களும் எங்கள் வாசலில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். போன மாதம் எதிர்வீட்டுத் தாத்தாவுக்காக வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைப் பார்த்தவள் நான், அதனால் தெருக்காரர்கள் கேட்பதை அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. இடித்துத் தரை போட்டுக் கொடுத்தால் மாத வாடகை தருகிறார்களாம். சித்தப்பா சரி என்றுவிட்டார். நானும் தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: நாலாம் வீடு

பூட்டின வீடு தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அழகுதான். பக்கத்தில் குடியிருப்பவனுக்கு எலியும் பாம்பும். கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டிடம், அந்த மேரி கட்டிடமே 2014 நவம்பர் மழையில் விழுந்தது. உங்கள் தாழ்வாரம் யார் தலையிலாவது விழுவதற்குள் ஒரு முடிவெடுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள்.

பதில்: மட்டப்பலகை

கட்டுவதும் இடிப்பதும்தான் என் பிழைப்பு. முதலில் டேப்பைப் பிடியுங்கள் அக்கா. ஒரு காருக்கு 8 அடிக்கு 16 அடி என்று வைத்து, 1,800 சதுர அடியில் 14 கார் நிற்கும் என்று சித்தப்பாவிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். 20 அடி அகலத்தில் குறுக்கே நிறுத்தித் திருப்ப முடியாது. சுவரோரமாக வரிசையாக விட்டு, மீதி 12 அடியை வழியாக வைத்தால் 4 கார். அதுவும் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். கேட் வைத்ததும் வாசலில் இப்போது நிற்கிற ஒரு கார் போச்சு. மிச்சம் 3. அடைத்து நிறுத்தினால் 10 வரை போகும், ஆனால் சாவிக்கொத்தோடு ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார வேண்டும். அவர் சம்பளம் யார் தருவது?

அப்புறம் பக்கச் சுவர். அந்தப் பகுதியில் பல வீடுகளுக்குச் சுவர் பொது. உங்கள் தூலமும் பக்கத்து வீட்டுத் தூலமும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்தை எடுத்தால் இத்தனை வருடம் உள்ளே இருந்த சுண்ணாம்புச் சுவர் மழையில் நிற்கும். சிமெண்ட் பூசி மூடுவார்கள், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். இரண்டு பக்கத்தாரும் சம்மதித்தார்களா? வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் நகரமைப்புக் குழுமத்தில் கேளுங்கள். இலவசமாக இடித்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால், அவன் கண் தேக்குத் தூணில் இருக்கிறது என்று அர்த்தம்.

பதில்: வாய்க்கால் கரை

ஒருமுறை வைசியாள் வீதியில் நடந்துவிட்டு வாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்டத்தில், பழைய கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் உதவியோடு வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. கார் தொல்லை அங்கேயும் உண்டு, அது வேறு கதை. உங்கள் முன்கட்டை வாடகைக்கு விட்டாலே ரிப்பேர் செலவு மெல்ல வந்துவிடும்.

முற்றத்து வெயில்

பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டேன். சுவர் பொதுதான், அவர் சம்மதிக்கவே இல்லை. சித்தப்பாவுக்குக் கோபம், போன் எடுப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் நிறுத்த விடும்படி போக்குவரத்து போலீசுக்கு மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதல் கையெழுத்து எதிர்வீட்டுத் தாத்தாவின் மருமகள். மட்டப்பலகை தம்பி, தூலம் மாற்றவும் கடுக்காய்ச் சுண்ணாம்பு பூசவும் கைதேர்ந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மழைக்கு முன்னால் கூடத்தையாவது முடித்துவிட வேண்டும்.